ஒரே எச்சில், இரண்டு விளக்கு

மரபணு வள்ளல் வந்திருக்கிறார் என்றதும் மண்டபத்து வரிசை மூன்று தெரு வளைந்து, நான்காவது தெருவில் மூச்சு வாங்கியது. போன வாரம் ஒரு வழுக்கைத் தலையில் கை வைத்தாராம். சாயங்காலமே சடை பின்ன வேண்டியதாகிவிட்டதாம். சொன்னவர் பார்க்கவில்லை. பார்த்தவர் யாருமே இல்லை.

ஆய்வகத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிய தங்கை, அக்காவுக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அக்காவுக்கு மார்பில் புற்றுக்கட்டி. நாளை காலை அறுவை சிகிச்சை. வள்ளல் இருக்கக் கத்தி எதற்கு என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள்.

மேடையில் வெள்ளைக் கோட்டு. கழுத்தில் படிக மாலை. "மரபணு இழை அறுந்தா செல்லு என்ன பண்ணும்? அதே மாதிரி இருக்கிற ஜோடி இழையைப் பார்த்து, எழுத்துப் பிசகாம ஒட்டிக்கும். ஒத்த மறுசேர்க்கைன்னு பேரு. அந்த வேலை கெட்டா புற்றுநோய் வரும். நான் ஊதினா சரியாயிடும்!"

முக்கால்வாசி பாடப் புத்தகம். கடைசி வரி மட்டும் சொந்தச் சரக்கு.

வந்தவரின் எச்சில் குழாயை மேசை மேலிருந்த பெட்டியில் வைப்பார். இழை அறுந்திருந்தால் சிவப்பு விளக்கு. ஊதுவார். பச்சை! அதற்கு முன் நோய் எழுதிய படிவத்தைச் சீடர் அவர் காதில் ஓதுவதை யார் கவனித்தார்கள்?

"பொட்டி பொய் சொல்லுமாடி?" என்றாள் அக்கா.

"கேட்டுடலாம்க்கா. எந்த மிஷினையும் நம்பறதுக்கு முன்னாடி, ஒரே சாம்பிளை ரெண்டு குழாயில ஊத்தி, வேற வேற பேர் எழுதி அனுப்புவோம். நீ துப்பு. பாதியை என் குழாயில ஊத்திக்கறேன்."

"பொட்டி ஜெயிச்சா வாயை மூடிக்கணும்."

"தோத்தா?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரேன். போதுமா?"

அக்காவின் படிவத்தில் 'மார்பில் கட்டி'. தங்கையின் படிவத்தில் 'சும்மா பார்க்க வந்தேன்'.

முதல் குழாய். சிவப்பு! "இழை நார் நாராத் தொங்குதும்மா. கடைசியா ஊதறேன், உட்காரு."

இரண்டாவது குழாய். பச்சை! "இழை தங்கக் கம்பிம்மா!"

மண்டபம் கைதட்டியது. அக்கா மட்டும் தட்டவில்லை. மெல்ல எழுந்தாள்.

"ஐயா, ரெண்டும் என் எச்சில்தாங்க."

வள்ளலின் மாலை ஆடியது. "அது... என் சக்தியில இழை ஒட்டிக்கிச்சு. அதான் பச்சை."

"நீங்க இன்னும் ஊதவே இல்லீங்களே?"

சிரிப்பு நான்காவது தெரு வரை போய்த் திரும்பி வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு லாரிக்காரர் மேசைத் துணியைத் தூக்கினார். அடியில் இரண்டு சுவிட்சு. மேலே வள்ளலின் கால் கட்டைவிரல், இன்னும் பச்சையை அமுக்கியபடி!

இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்குடி வரச் சொன்னாங்க?"

"ஆறுக்கு."

"அஞ்சுக்கே எழுப்பிடு."

வரிசையின் வால் இன்னும் கலையவில்லை. அடுத்த வள்ளல் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தது. விசாரியுங்கள், நன்றாக விசாரியுங்கள். கூடவே ஒன்று: விளக்கு உங்கள் தலைக்குள்ளும் இருக்கிறது. அதன் சுவிட்சையாவது எவன் கால்விரலுக்கும் கொடுக்காதீர்கள்.