வராதே என்று சொன்ன வாத்தியார்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். மாப்பிள்ளையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீ கல்வித்துறைத் தலைமை அலுவலகத்தில் சுற்றறிக்கை தயாரிக்கிறவள். நான் அதைப் படித்து நடக்கிற கணக்கு வாத்தியார். அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே குடும்பத்துக்கு நல்லது என்று இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று திறக்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகளை வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைக்காத வாத்தியாரிடம் விளக்கம் கேட்டார்கள். ஆறு வருடம் கழித்து, மனப்பாடம் செய்ய வைத்தவரிடம் கேட்டார்கள். இரண்டு தடவையும் பதில் எழுதியவன் நான். பிறகு பெஞ்சுகளை எடுத்துவிட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைக்கச் சொன்னார்கள். நடுவில் நின்றால் பாதிப் பேருக்கு என் முதுகுதானே தெரியும் என்றேன். சுற்றிக்கொண்டே இருங்கள் என்றார் அதிகாரி. ஒரு வருடம் சுற்றினேன், தலைசுற்றலுக்கு மாத்திரை போட ஆரம்பித்தது அப்போதுதான். அதன் பிறகு செல்போனில் முகத்தைக் காட்டி வருகை பதியணும்னு வந்துச்சா, நான் அந்த வாரம்தான் மீசையை எடுத்திருந்தேன், போன் என்னை யாரோ என்று சொல்லிவிட்டது. பதினோரு நாள் நான் வரவில்லையாம். விளக்கம் கேட்கும் தாளை அதிகாரி என் வகுப்புக்கே வந்து என் கையிலேயே கொடுத்தார்.

"நான் இங்கதானே சார் நிக்கிறேன்?"

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே" என்றார். நல்ல மனிதர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்றைச் செய்துவிட்டேன்.

போன வருடத்துச் சீர்திருத்தம் உனக்குத் தெரியும். கணினியில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்க வேண்டும். ஒரு பள்ளியில் சிவப்பு பத்தைத் தாண்டினால் அதை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். எங்களுக்குப் பக்கம் என்பது ஏழு கிலோமீட்டர். ஒத்திகைத் தேர்வில் எங்களுக்குப் பதினொன்று வந்தது. அந்தப் பதினொன்றாவது பிள்ளை, தையல்காரம்மாவின் மகள். அம்மாவின் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வருவதால் எல்லோருக்கும் அவள் 'டேப்பு'. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு; ஒன்றரையே அரைக்காலில் எத்தனை அரைக்கால் என்று கேட்டால், நான் கேட்டு முடிப்பதற்குள் பதின்மூன்று என்பாள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமெடுக்கும். கணினி அதுவரை காத்திருப்பதில்லை.

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அசல் தேர்வு அன்னிக்கு ஒரு நாள் அவ வரலைன்னா மத்த நூத்திப்பதிமூணு பிள்ளைங்களும் இங்கயே படிக்கும், சார். நீங்க சொன்னா கேப்பா."

தேர்வுக்கு முந்தின நாள் அவளை வராந்தாவில் நிறுத்திச் சொன்னேன். "நாளைக்கு நீ வரவேண்டாம்மா."

"ஏன் சார்?"

"சும்மாதான். வீட்ல இரு."

"சரி சார்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

பள்ளி தப்பித்தது. டேப்பு மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் வராத பதினோரு நாளுக்குத் தாள் வந்தது. அவள் வராத பதினெட்டு நாளுக்கு யாரும் ஒரு தாளும் அனுப்பவில்லை. நேற்று சாயங்காலம் வீட்டுக்கே போனேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அம்மாதான் பேசினார்.

"நாளைக்கு வரவேண்டாம்னு சொன்னீங்களாம். எது வரைக்கும்னு சொல்லலையாம். படிப்பு வராத பிள்ளைங்கள நிறுத்திட்டாங்க போலன்னு நாங்களே புரிஞ்சுக்கிட்டோம் சார்." குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சட்டையில் பட்டன் வைக்க வந்தேன் என்று பொய் சொன்னேன். டேப்புதான் வைத்துக் கொடுத்தாள்.

ஆகவே தங்கச்சி, விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே சொல்லிச் சீக்கிரம் முடித்துக் கொடு. எனக்கு இனி கரும்பலகைக்கு முன்னால் நிற்கத் தகுதியில்லை.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது தலைமை ஆசிரியை ஒரு சுற்றறிக்கையோடு வந்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்ணத் திட்டம் ரத்து; இணைப்பும் இல்லை. தேதி, நான் அவளை வராதே என்று சொன்னதற்கு முந்தின நாள். கீழே உன் கையெழுத்து. வந்து சேர மூன்று வாரமாகியிருக்கிறது.

இருவரும் உடனே போய் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். தையல்காரம்மா மெஷினை நிறுத்தவேயில்லை. ஜாக்கெட்டின் ஒரு கை முழுவதையும் தைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "வாயால சொல்றது வேண்டாம் சார். வரலாம்னு எழுதிக் குடுங்க."

எழுதினேன். 'தினமும் வரவும்.' தேதியும் போட்டேன். டேப்பு எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும் வரை மூன்று பேரும் காத்திருந்தோம். முப்பத்திரண்டு வருடத்தில் நான் வெளியிட்ட ஒரே சுற்றறிக்கை அது. அதை ரத்து செய்ய ஆள் வருவதற்குள் நான் ஓய்வு பெறுவதாக இல்லை, விண்ணப்பத்தை நானே கிழித்துவிட்டேன்.