கடல் திருப்பிக் கொடுத்த பொட்டலம்

பூவரசந்துறைக்குப் போகாதவன் மனுஷனே இல்லை என்று அந்த வருஷம் ஊரெல்லாம் பேச்சு. திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டு கன்னியாகுமரிக்குக் கிளம்பிய வேன்கள் பாதி வழியில் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கின. தேரி மணலில் சக்கரம் புதைய, உள்ளே இருந்தவர்கள் இறங்கித் தள்ள, ஒரு வழியாகப் பூவரசந்துறை அலைகாத்த அம்மன் கோவில் வாசலில் போய் நின்றன. கேட்ட கேள்விக்கு அம்மன் பூவாலேயே பதில் சொல்கிறாளாம். ஆழ்துளைக் கிணறு போடலாமா, மகனைத் தனிக்குடித்தனம் வைக்கலாமா, இந்தத் தேர்தலில் நிற்கலாமா, எல்லாம் கேட்கலாம். அம்மனுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

எங்கள் காரும் அங்கே போய் நின்றது. ஓட்டியவர் என் அக்கா புருஷன் தவசிலிங்கம். சாத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஓர் ஆணியை வாங்கினால்கூட நாலு தரம் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். சாமியார் என்றால் மட்டும் தட்டாமல் கொள்ளாமல் வாங்கிக்கொள்வார். பக்கத்தில் என் அக்கா வேலம்மாள். பின்னால் அவர்கள் மகள் செண்பகவல்லியும் நானும். இராமேஸ்வரத்தில் தொடங்கி ஒவ்வொரு கோவிலாகக் கடலை ஒட்டியே வந்துகொண்டிருந்தோம். வழியெல்லாம் கடைக்குக் கடை வஞ்சிரம் வறுபடுகிறது. விரதம் என்று சொல்லி மச்சான் என்னைத் தயிர்சாதத்திலேயே வைத்திருந்தார். சாமி இல்லை என்கிறவன் எதற்கடா விரதம் இருந்தாய் என்று கேட்பீர்கள். சாப்பாட்டுத் தூக்கு அக்கா கையில் இருந்ததே!

பயணத்துக்குக் காரணம் செண்பகத்தின் கல்யாணம். கூட வேலை பார்க்கும் கதிரேசனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையன் நல்லவன். அக்காவுக்குச் சம்மதம், அவர்கள் வீட்டிலும் சம்மதம். ஜாதகம் மட்டும் சம்மதிக்கவில்லை. மச்சான் இரண்டு தடவை நிச்சயத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். இந்த வாரமும் முடிவு சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று பையன் வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

"பூவரசந்துறையில பூக்கட்டிக் கேட்டுருவோம். வெள்ளை வந்தா அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம்" என்றார் மச்சான்.

"சிவப்பு வந்தா?" என்றாள் செண்பகம்.

"வேண்டாம்னு அர்த்தம். நீயும் அத்தோட விட்டுறணும். சரியா தாயீ?"

இழுத்து இழுத்து அவள் அலுத்துப்போயிருந்தாள். "சரிப்பா. பூ என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டில் ஒன்று வெள்ளைதானே என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

கோவிலில் அம்மனைவிட, பூக்கட்டிக் குறி சொல்லும் பூச்சாமிக்குத்தான் அலங்காரம் அதிகம். கழுத்தில் முத்துமாலை, நெற்றியில் தோசை அகலத்துக்குக் குங்குமம், குரலுக்கு ஒலிபெருக்கி. அவர் பூக்கட்டும் முறையே தனி. வந்தவர் உடுத்தியிருக்கும் துணியிலிருந்து ஒரு நூலை உருவுவார். "ஆத்தா, இது இவுக நூலு. இவுக விதியை இதுல கட்டுறேன்" என்று அதை இரண்டாக அறுப்பார். வெள்ளை நந்தியாவட்டை ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டுவார். தட்டோடு திரைக்குப் பின்னால் போவார். பூவரச இலையில் மடித்து அந்த நூலால் கட்டிய இரண்டு பொட்டலங்களோடு வெளியே வருவார். வந்தவர் ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பாறைமேல் நின்று கடலில் வீசிவிடுவார்.

"அது ஆத்தாளுக்கு உரியது. அதை எவன் பிரிச்சுப் பாத்தாலும் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகும்!" என்று ஒலிபெருக்கி அலறும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

எங்களுக்கு முன்னால் மாடக்கண்ணு என்று ஒருவர், சங்கரன்கோவில் பக்கம். தோளில் சிவப்புத் துண்டு. பெண்சாதிக்கு வயிற்றில் கட்டி, உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அறுக்கலாமா என்று அம்மனைக் கேட்க வந்திருக்கிறார். துண்டிலிருந்து நூல் உருவப்பட்டது. பொட்டலம் பிரிந்தது. சிவப்பு.

"கத்தி படக்கூடாதுங்கிறா ஆத்தா. மூணு அமாவாசைப் பரிகாரம். அப்புறம் வந்து கேளு" என்றார் பூச்சாமி. அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வயிற்றுக் கட்டிக்கு வைத்தியம் சொல்வது அரளிப் பூவா? அதைத் தின்றால் ஆளே காலி!

அடுத்தது நாங்கள். பூச்சாமி செண்பகத்தைப் பார்த்தார். அவள் உடுத்தியிருந்த துணியில் நூல் வரவில்லை போலிருக்கிறது, அக்காவின் முந்தானையைப் பிடித்துவிட்டார். தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்துப் பட்டு. சர்ரென்று ஒரு நூல் கையோடு வந்தது.

"அய்யய்யோ! ஏங்க, புதுச் சேலைங்க!"

"ஆத்தாளுக்குக் குடுக்கிறதுல புதுசு என்ன, பழசு என்ன?" என்றார் பூச்சாமி. மச்சான் அக்காவை முறைத்தார். அக்கா வாயை மூடிக்கொண்டாள், மனசை மூடவில்லை.

செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பு. மற்றது கடலுக்குப் போயிற்று. இவளுக்கும் அதே மூணு அமாவாசைப் பரிகாரம், தடவைக்கு ஒரு காணிக்கை என்றார் பூச்சாமி.

அந்தப் பிள்ளை அழவில்லை. பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

"ஆத்தா வேண்டாங்கிறா தாயீ. நான் என்ன செய்ய?" என்றார் மச்சான்.

"மாப்பிள்ளை வீட்டுல இன்னும் மூணு அமாவாசைக்கா காத்திருப்பாக?" என்றேன்.

"நீ சும்மா இருடா மாப்ளே. உனக்குத்தான் சாமியே கிடையாதே."

"எனக்குச் சாமி கிடையாது. உங்களுக்கு ஒலிபெருக்கிதான் சாமி."

பரிகாரத்தைத் தொடங்குவது விடிந்த பிறகுதான் என்றார்கள். எடுத்த பொட்டலத்தை நூலோடு பத்திரமாக வைத்துக்கொண்டு, காலையில் கொண்டுவர வேண்டுமாம். கோவில் விடுதியிலேயே அறை. அதற்கும் வாடகை உண்டு, அம்மன் ஓசியில் யாரையும் தங்க வைப்பதில்லை. இரவு முழுவதும் மகளைப் பற்றிப் பாதியும் சேலையைப் பற்றிப் பாதியுமாக அக்கா புலம்பினாள்.

பொழுது விடிந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று அக்கா கடலுக்குப் போனாள். கோவில் முன்னால் கூட்டம். அதனால் தள்ளிப் போய், கடல் அரிக்காமல் இருக்கக் கருங்கல் போட்டு வைத்திருக்கும் தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறாள். நான் டீக்கடையில் நின்றிருந்தேன். ஈரச் சேலையோடு, முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு வந்தாள். மடி நிறையப் பூவரசப் பொட்டலங்கள்.

"என்னக்கா இது, கடலை வாங்கிட்டு வாறியா?"

"கடல்தாண்டா குடுத்துச்சு. கல்லோரமாக் குவிஞ்சு கிடக்கு. இந்த நூலைப் பாரு."

மயில்கழுத்து நிறம். ஈரத்திலும் பளபளவென்று இருந்தது.

"வேற யாராவது இதே சேலை கட்டியிருப்பாங்க."

"போடா கூறுகெட்டவனே. என் சேலை நூலு எனக்குத் தெரியாதா?" நேற்று எடுத்து வைத்த பொட்டலத்தின் நூலைக் குங்குமச் சிமிழிலிருந்து வெளியே எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே நூலின் இரண்டு துண்டு.

"நேத்து செண்பகத்துக்குச் சிவப்பு வந்துச்சு. அப்படீன்னா கடலுக்குப் போனதுல என்ன இருக்கணும்?"

"வெள்ளை இருக்கணும்."

"பிரிச்சுப் பாத்துட்டேன்" என்று இலையை விரித்தாள். உள்ளே உப்புத் தண்ணீரில் ஊறி, சிவப்பு அரளி உட்கார்ந்திருந்தது.

ஊரெல்லாம் மேடை போட்டுப் பகுத்தறிவு பேசுகிறவன் நான். இராத்திரி முழுக்க அந்தப் பொட்டலத்தைப் பற்றி எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை, வஞ்சிர மீனைப் பற்றித்தான் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடும் என் அக்காவுக்கு வந்துவிட்டது!

சட்டையை மாட்டிக்கொண்டே வந்த மச்சான் பொட்டலங்களைப் பார்த்து ஆடிப்போனார்.

"அடிப்பாவி! பிரிச்சியா? கண்ணு என்னாச்சு?"

"நல்லாத் தெரியுதுங்க. நீங்க சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கிறதுகூடத் தெரியுது."

மச்சான் குனிந்து பார்த்தார். மாற்றித்தான் போட்டிருந்தார்.

கோவிலில் காலைக் கூட்டம் கூடிவிட்டது. பரிகாரத்துக்கு நேற்றைய ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். செண்பகம் கையில் பொட்டலத்தோடு ஓரமாக நின்றாள். அக்கா நேரே முன்னால் போய் மடியை அவிழ்த்துக் கொட்டினாள்.

"நேத்து யார் யாருக்கெல்லாம் சிவப்பு வந்துச்சோ, அவுகவுக நூலை அடையாளம் பாத்து எடுத்துக்கங்க. கடல்ல போன வெள்ளைப்பூவைப் பாத்துட்டுப் போவோம்."

"தொடாதீங்க! கண்ணு அவிஞ்சு போகும்!" ஒலிபெருக்கி கிறீச்சிட்டது.

"நான் வழியில உக்காந்து இம்புட்டையும் பிரிச்சுப் பாத்துட்டுத் திரும்பக் கட்டிக் கொண்டாந்திருக்கேன், சாமி. இம்புட்டுத் தூரத்துல இருந்தே நீங்க திரைப் பக்கம் பாக்குறது தெரியுது" என்றாள் அக்கா.

முதலில் எழுந்தவர் மாடக்கண்ணு. பொட்டலங்களைக் கிளறிச் சிவப்புத் துண்டு நூல் கட்டியதை எடுத்தார். பிரித்தார். சிவப்பு. தன் மடியிலிருந்ததையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதுவும் சிவப்பு. "ஏலே..." என்றார். அப்புறம் ஆளாளுக்குக் குனிந்தார்கள். "இது என் தாவணி நூலு." "இது எங்க வீட்டுக்காரர் கைலி." பிரிக்கப் பிரிக்க எல்லாம் அரளி. ஒரு வெள்ளைப் பூவைக்கூடக் காணோம்.

பூச்சாமி லேசுப்பட்ட ஆளா? "உங்க பாவத்தைப் பாத்து ஆத்தா கடலுக்குள்ள வச்சு வெள்ளையைச் சிவப்பாக்கிட்டா!" என்றார். நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் என்றால் பாருங்களேன்.

"ஆக்கட்டும்" என்றாள் அக்கா. "இப்ப இங்கன வச்சுக் கட்டுங்க. திரை வேண்டாம், கடலும் வேண்டாம். ரெண்டு பொட்டலத்தையும் நானே பிரிக்கிறேன். ஆத்தா உண்மையைத்தான சொல்லுறா? ரெண்டு முடிச்சை அவுத்தா அவளுக்கு என்ன பயம்?"

பூச்சாமி தட்டைத் தேடுகிற மாதிரி திரைப் பக்கம் நகர்ந்தார். செண்பகம் முந்திக்கொண்டு திரையை இழுத்தாள். ஒரு கூடை நிறைய அரளி. பக்கத்தில் ஈரத்துணியின் மேல் ஒரே ஒரு நந்தியாவட்டை, ஓரமெல்லாம் பழுத்து வாடிக் கிடந்தது. தட்டில் வைத்துக் காட்டுவதும் உள்ளே வந்ததும் எடுத்து வைத்துக்கொள்வதுமாக அந்த ஒரு பூவுக்கே நேற்றெல்லாம் வேலை.

உடனே பூச்சாமிக்கு அருள் வந்துவிட்டது. கண்ணைச் செருகிக்கொண்டு "ஆஆ" என்று ஆடினார்.

"ஏங்க, அருள் வந்தவரு ஏன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுறாரு?" என்றாள் அக்கா.

சொல்லி வாய் மூடவில்லை, ஆள் பாறையைத் தாண்டிக் குதித்து ஓடினார். முத்துமாலை அறுந்து தேரி மணலெல்லாம் உருண்டது. இளவட்டங்கள் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். மாடக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்து, "டாக்டரய்யா, இன்னிக்கே கூட்டியாரேன். ஆபரேசனை வச்சிருங்க. ஆமாய்யா, இன்னிக்கே" என்று கத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அவரைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது.

கார் கிளம்பியது. ஊர் எல்லை தாண்டியதும் மச்சான் தொண்டையைச் செருமினார்.

"அவன் கள்ளன். அம்மன் கள்ளியா? கன்னியாகுமரியில நல்ல ஆளாப் பாத்து இன்னொரு தடவை பூக்கட்டி..."

"வண்டியை நிப்பாட்டுங்க" என்றாள் அக்கா. நிறுத்தினார். "என்னையக் கட்டும்போது பூக்கட்டியா பாத்தீங்க?"

"இல்ல. நேர்லதான் பாத்தேன். பிடிச்சிருந்துச்சு."

"உங்க மககிட்ட அதைக் கேட்டீங்களா?"

இத்தனை நாளும் மச்சான் ஜாதகத்தைக் கேட்டார், பல்லியைக் கேட்டார், கடலைக் கேட்டார். இப்போதுதான் மகள் பக்கம் திரும்பி, "ஏத்தா, அந்தப் பையனை உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றார்.

"பிடிச்சிருக்குப்பா" என்றாள் செண்பகம்.

"அப்ப அவுக அப்பாவுக்குப் போனைப் போட்டு எங்கிட்டக் குடு."

அடுத்த ஊரில் கார் நின்றது. மச்சானே விரதத்தை முறித்து எனக்கு இரண்டு துண்டு வஞ்சிரம் வாங்கிக் கொடுத்தார். கல்யாணத்தன்று மணமேடை முழுக்க நந்தியாவட்டைதான் வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

பூவரசந்துறையில் இப்போது கூட்டமில்லை. எட்டு மைல் தள்ளி ஒருவர் தேங்காயை உருட்டிக் குறி சொல்கிறாராம், வேன்கள் அங்கே தள்ளப்படுகின்றன. போகிறவர்கள் போங்கள். கடல் நல்ல மனசுக்காரி, மறைத்ததையெல்லாம் கரையில் கொண்டுவந்து போட்டுவிடுவாள். குனிந்து எடுத்துப் பிரித்துப் பார்க்கிற வேலையையாவது நீங்கள் செய்யக்கூடாதா?