சம்பந்திக்கு, கதவு விஷயமாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

இங்கே நாங்கள் எல்லாரும் சிமெண்ட் தூசிக்கு நடுவே சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாளும் தூசி இல்லாமலே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மகள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. குழந்தை வருவதற்குள் அவளும் என் மகனும் மாடிக்குக் குடிபோய்விட வேண்டும் என்பதுதான் இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை. கீழே இருப்பது இரண்டே அறை. தங்கள் மருமகன் ஹாலில் சிமெண்ட் மூட்டைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் படுத்து எழுகிறான். காலையில் அவனைத் தட்டினால் தூசி பறக்கிறது. இந்தச் சமயத்தில் தங்களிடம் ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. எடுத்த எடுப்பில் கேட்டால் மரியாதையாக இருக்காது. ஆகவே சுற்றி வளைத்துக் கேட்கிறேன்.

மாடி கட்டுவது என்றால் செங்கல், மணல், மேஸ்திரியின் கோபம், இந்த மூன்றையும் சமாளித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது மாநகராட்சியில் பசுமைக் கட்டட விதி என்று ஒன்று இருக்கிறதாம். புதிதாகக் கட்டினாலும் சரி, இருக்கிற வீட்டை இடித்து மாற்றினாலும் சரி, தண்ணீரையும் கரண்டையும் மரத்தையும் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறோம் என்று பார்த்து மார்க் போடுவார்கள். ஐம்பது எடுத்தால்தான் குடியேற அனுமதி. பள்ளிக்கூடத்தில் கணக்கிலேயே நான் ஐம்பதைக் கண்டதில்லை. இந்த வயதில் குளியலறைக்கு ஐம்பது எடு என்றால் நான் எங்கே போவேன்?

குழாயில் ஆரம்பித்தோம். தண்ணீரை வீணாக்காத குழாய் போடச் சொன்னார்கள், போட்டோம். திறந்தால் தண்ணீர் வருகிறதா, குழாய் யோசிக்கிறதா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரி வாளியை வைத்துவிட்டுப் போய், தன் தங்கையிடம் போனில் பேசி முடித்துவிட்டு வந்து பார்த்தால் அரை வாளி. அக்காளும் தங்கையும் பேசினால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. அப்புறம் விளக்கு. ஆள் நடமாட்டம் இருந்தால் தானாக எரியும், இல்லையென்றால் தானாக அணையும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கழிப்பறையில் மனுஷன் நடமாடவா செய்வான்? உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரே இருட்டு. கையைத் தூக்கி ஆட்டினால் வெளிச்சம், இறக்கினால் மறுபடி இருட்டு. ஜன்னல் கண்ணாடியில் நிழலைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், விடியக்காலையில யாருக்கோ ரொம்ப நேரமா டாட்டா காட்டிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். "ஆமா, சொந்தக்காரங்க ஊருக்குக் கிளம்பினாங்க" என்று சொல்லி வைத்தேன். அவரிடம் அதற்கு மேல் பேச முடியாது. ஏனென்றால் எங்கள் மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு ஒன்று அடித்திருக்கிறோம். திருப்பி அனுப்பிய வெயில் நேரே அவர் வீட்டு மேல்மாடிச் சமையலறைக்குப் போய்விட்டது. அவர் மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறார். கண்ணில் தண்ணீர் வரவில்லை என்பதால் இதுவரை சண்டைக்கு வரவில்லை.

இனி கதவு. மகள் குடியிருக்கப் போகிற மாடிக்கு வாசல் கதவு என் பொறுப்பு என்று தாங்கள் சொல்லி, வண்டி வைத்து அனுப்பினீர்களே, அந்தக் கதவைப் பற்றித்தான். என்ன பளபளப்பு, என்ன கனம். "எங்க சம்பந்தி புதுசா செஞ்சு அனுப்பியிருக்கார்" என்று தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டினேன். தபால்காரர் ஒரு நாள் பார்த்துவிட்டு, மறுநாள் தன் தம்பியை அழைத்து வந்து காட்டினார். மார்க் போட வந்த அதிகாரியம்மாவும் பார்த்தார். சின்ன வயசு, சிரித்த முகம், ஆனால் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாத ஜாதி.

"கதவு புதுசா சார்?" என்று கேட்டார்.

"புத்தம்புதுசும்மா."

"புது மரத்துக்கு மார்க் கிடையாது சார்."

"மார்க் போனாப் போகுது. எங்க சம்பந்தி மரியாதை போகக்கூடாது" என்றேன். அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு காற்றுச் சோதனை என்று ஒன்று வைத்தார்கள். ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, பால்கனி வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறியை மாட்டி, வீட்டுக்குள் காற்றை அடைப்பது. எங்கேயாவது ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். மருமகள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கலாமே என்று நான் தங்கள் கதவில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சரி, கண்ணால் பார்ப்போம் என்று முகத்தைத் திருப்பின அதே சமயம், பொட் என்று ஒரு சத்தம். கதவிலிருந்து புளியங்கொட்டை மாதிரி ஏதோ தெறித்து வந்து என் மூக்கில் விழுந்தது. அதோடு நிற்காமல் கதவு விசில் அடிக்க ஆரம்பித்தது. மேஸ்திரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டே குனிந்து பார்த்தால், கீழே கிடந்தது மரத்தூளும் பசையும் கலந்து செய்த அடைப்பு. கதவில் பழைய சாவித் துவாரம். அதைச் சுற்றி வார்னிஷ் உரிந்து, அடியில் நீலப் பெயிண்ட் தெரிந்தது. மருமகள் அந்த நீலத்தைப் பார்த்தாள். கீழே இறங்கிப் போய்விட்டாள்.

விசிறியை நிறுத்திவிட்டு அதிகாரியம்மா வந்து பார்த்தார்.

"சார், இது பழைய கதவு."

"இல்லம்மா, புதுசு."

"சாவித் துவாரத்தை அடைச்சிருக்காங்களே."

"காத்தோட்டத்துக்காக விட்டிருப்பாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

"பழைய கதவுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். பழைய பொருளைத் திரும்பப் பயன்படுத்தினா ஒரு மார்க் உண்டு. உங்களுக்கு இப்ப நாப்பத்தொம்போதுதான் வந்திருக்கு" என்றார்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். புதுசு புதுசு என்று நானே சாதித்துவிட்டதால் இனி என் பேச்சு எடுபடாதாம். கொடுத்தவரே சொல்ல வேண்டுமாம். ஆகவே வரும் வெள்ளிக்கிழமை அந்த அம்மா தங்களுக்குப் போன் செய்து, "கதவு பழசுதானா?" என்று கேட்பார். தாங்கள் "ஆமாம், பழசுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தங்கள் மகள் மாடிக்குப் போய்விடலாம். இதுதான் நான் சுற்றி வளைத்த விஷயம். இதில் தாங்கள் வருத்தப்பட ஒன்றுமே இல்லை. பழசு என்பது இப்போது குறையல்ல, மாநகராட்சியே மார்க் போடுகிறது. நானும் பழசுதான், எனக்கு யாரும் போடவில்லை, அது வேறு விஷயம். புதிது என்று சொல்லிக் கடைக்காரன் தங்களை ஏமாற்றியிருப்பான். அப்படியே வைத்துக்கொள்வோம். அவனை நாம் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். தாங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருந்து, வரப்போகிற பேரக் குழந்தையின் கல்யாணத்தையும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வீங்கிய மூக்குடன்,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: தயவுசெய்து இதை முதலில் படித்துவிட்டு, மேலே இருப்பதைப் படிக்காமல் விட்டுவிடவும். கவரில் விலாசம் எழுத மருமகளைக் கூப்பிட்டேன். அவள் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "அது அப்பா ரூம் கதவு மாமா" என்றாள். "நீலமா இருக்கும். வார்னிஷ் அடிச்சிருந்ததால எனக்கே அடையாளம் தெரியல. போன தடவை போனப்ப அவங்க ரூம்ல திரைதான் தொங்குச்சு. ஏம்ப்பான்னு கேட்டா, காத்தோட்டமா இருக்குன்னாரு."

மகளுக்காகத் தன் அறைக் கதவையே கழற்றி அனுப்பிய மனுஷனிடம், பழசு என்று ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். உடனே அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டு, கதவு புதுசுதான், என் சம்பந்தியை இது விஷயமாக ஒன்றும் கேட்கக்கூடாது என்று மறுபடி சாதித்தேன். அந்த அம்மா ஏதோ காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி சார். இடிச்சப்ப கழட்டின பொருளைக் குப்பையில போடாம, தேவைப்படுற இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தாலும் ஒரு மார்க் உண்டு. அப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. மாடிப்படி எழுப்பும்போது கழற்றிய உள் அறைக் கதவு ஒன்று பின்பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நாளைக் காலையில் வண்டியில் ஏற்றி, இந்தக் கடிதத்தையும் கொடுத்துத் தச்சரையும் கூடவே அனுப்புகிறேன். அளவு பார்த்து அவரே மாட்டிக்கொடுத்துவிடுவார். தாங்கள் அதை வாங்கிக்கொண்டால்தான் எங்களுக்கு ஐம்பது வரும், ஆகவே மறுக்காமல் இந்த உபகாரத்தைச் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை போன் வந்தால் "கதவு வந்து சேர்ந்தது" என்று மட்டும் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். மருமகள், "அப்படியே அனுப்புங்க மாமா, அப்பா சிரிப்பாரு" என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆகவே மேலே "பழைய கதவு" என்று வருகிற இடங்களில் எல்லாம் "புதிய கதவு" என்று திருத்தி வாசிக்கவும். நாங்கள் அனுப்புகிற கதவு மட்டும் பழசு, அதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.