கறிக்கடைக்காரர் வைத்த காய்கறி ஸ்டூ

உலகத்திலேயே காய்கறியைக் கண்டு நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் கறிக்கடைக்காரர்தான். கீரனூரில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் அவர். நான் பல் விளக்கி முடிப்பதற்குள் ஒரு முழு ஆட்டை உரித்து மாட்டிவிடுவார். அதே கையில் ஒரு கேரட்டைக் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று முழிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்தாள் பாருங்கள் ஒரு மகள்! பெங்களூரில் வேலை. போன இடத்தில் கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். பால், தயிர், நெய்கூடக் கிடையாது. மனைவி இறந்த பிறகு மனிதருக்கு மிஞ்சிய ஒரே சொந்தம் அவள்தான். பொங்கலுக்கு வந்தவளுக்குக் காய்கறி ஸ்டூ வைக்கிறேன் என்று கிளம்பி, பிள்ளை இளைத்திருக்கிறாளே என்று ஒரு நெஞ்செலும்பையும் அடியில் போட்டுவிட்டார். அது நேராக அவள் கரண்டியில் ஏறி வந்தது.

"இனிமே ஒங்க கையால பச்சத்தண்ணிகூட குடிக்க மாட்டேன்ப்பா!"

அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். அப்புறம் போனும் இல்லை. கறிக்கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே அழுவார். கறி வாங்க வந்தவர்கள் பயந்து தள்ளி நிற்பார்கள்.

ஒருநாள் செய்தி அனுப்பினாள். திருச்சியில் தோழி கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று.

"தம்பி, அதுக்குள்ள ஸ்டூ வச்சுப் பழகணும். நீங்கதான் ருசி பாத்துச் சொல்லணும்" என்றார்.

என் கேடுகாலம், தலையாட்டித் தொலைத்தேன்.

புதுக் குக்கர், புதுக் கத்தி, புதுக் கட்டை எல்லாம் வாங்கினார். கை மட்டும் பழைய கைதானே? காலிஃபிளவரைக் கட்டையில் வைத்து ஒரே போடு போட்டார். பாதி ரோட்டுக்குப் போய்விட்டது. கிடாக்கறிக்கு விடுகிற விசிலை எல்லாம் பீன்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் விட்டார். தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றித் திரியவைத்தார்.

"எப்புடி தம்பி இருக்கு?"

"காயி எங்கண்ணே?"

"உள்ளதான் இருக்கு. கரைஞ்சுருச்சு."

சாயங்காலம் வேலை முடிந்து திருச்சி பஸ்ஸை விட்டு இறங்கினால், நேராக வீட்டுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். வேறு வீடு பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். அந்த முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வராது. சனிக்கிழமை வைத்ததுதான் இருப்பதிலேயே மோசம்.

"ருசி வராட்டிப் போகுது தம்பி. எலும்பு போடலன்னு அவ எப்புடி நம்புவா?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கறிக்கடைகளில் தொங்கும் ஆட்டுக்கு வாலை மட்டும் உரிக்காமல் விட்டிருப்பார்கள். வெள்ளாடுதான், செம்மறி இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இறங்கி வந்தால், கழுவித் துடைத்த கொக்கிகளில் தழையோடு கேரட்டும், இலையோடு முள்ளங்கியும், குடுமியோடு தேங்காயும் தொங்குகின்றன. ஆடு ஒன்றுகூட இல்லை.

"என்னண்ணே, இன்னைக்கு இதுதான் கிடாயா?" என்றார் கறி வாங்க வந்த ஒருவர்.

"போயா அங்கிட்டு!"

மகள் வந்தாள். கொக்கிகளை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. தட்டில் ஊற்றிய ஸ்டூவைக் கரண்டியால் அடிவரைக்கும் துழாவினாள். கறிக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, நீங்க சொல்லுங்க. எலும்பு போட்டாரா?"

"சத்தியமா இல்லம்மா. போட்டிருந்தா இவ்வளவு கேவலமா இருக்காது."

ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகம் கோணியது. பிறகு சிரித்தாள் பாருங்கள், புரையேறும் அளவுக்கு!

"ஆமா சித்தப்பா, போடல. அப்பா, ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க" என்று மறுபடியும் கரண்டியை எடுத்தாள்.

அவர் எதிரில் உட்கார்ந்தார். தன் தட்டைத் தொடவில்லை. மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே நானும் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். அந்த மனுஷனுக்காக அதையும் தின்னலாம்.