ஓஸெல்லா கேட்ட காரணம்

கோல்டர்ஸ் ஃபோர்க், டென்னசி
ஞாயிறு, தேவாலயம் விட்டு வந்த பிறகு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கிரேடி அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கை ஓஸெல்லாவின் கணவன் லூத்தர் பிரிட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் தக்காளிச் செடிகளும் நலம். அங்கே தாங்களும், தங்கள் இடுப்பும், ஒரே ஒரு வேலிக்கு என்று சொல்லி 1979இல் தாங்கள் வாங்கிக்கொண்டுபோன என் குழிதோண்டியும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது தாங்கள் அறிந்ததே. என் கல்யாண விருந்தில் எழுந்து நின்று எல்லோருக்கும் அதை அறிவித்தவர் தாங்கள்தான். ஆகவே நான் சொல்லச் சொல்ல முடிதிருத்துகிற ஹார்லன் எழுதுகிறார். தொலைபேசியில் பேசலாம்தான். தாங்கள் எடுத்தால் தங்களுக்குக் காது கேட்பதில்லை. ஓஸெல்லா எடுத்தால், "காரணம் கெடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். இப்போது காரணம் கிடைத்திருக்கிறது. இந்தக் கடிதத்தை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டவும்.

அவள் தங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நடந்தது இதுதான். ஹாஸ்லிப் மரக்கிடங்கின் வாசலில் நான் நிற்க ஆரம்பித்தபோது இப்போதைய முதலாளி ராண்டல் பிறக்கவில்லை. எந்தப் பலகை எந்த வரிசையில், எந்த வண்டி எங்கே பின்பக்கமாக வந்து நிற்கவேண்டும் என்று கைகாட்டுவது என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை ராண்டல் என்னை அறைக்குள் கூப்பிட்டான். கையில் ஒரு சின்ன அட்டை. அவன் சாதாரணமாக ஒரு ஆணி விற்றால்கூட அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுகிறவன். அன்றைக்கு அட்டையைப் பார்த்துத்தான் பேசினான். "லூத்தர் அய்யா, இன்னையோட உங்களுக்கு இங்க வேலை இல்ல." "ஏம்ப்பா?" என்றேன். அட்டையைப் பார்த்தான். "காரணம்னு ஒண்ணும் இல்ல." "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" மறுபடி அட்டையைப் பார்த்தான். "காரணம்னு ஒண்ணும் இல்ல." "அந்த அட்டையில வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "இல்லீங்கய்யா, அவ்வளவுதான் இருக்கு," என்றான். அவனுடைய காது இரண்டும் தக்காளி மாதிரி சிவந்துவிட்டன. பாவம், என் காப்பிக் குடுவையை அவனே தூக்கிவந்து வண்டியில் வைத்து, கதவையும் சாத்திவிட்டுப் போனான். நாஷ்வில்லில் ஒரு வக்கீல் முதலாளிகளுக்கெல்லாம் பாடம் நடத்தினாராம், ஆளை அனுப்பும்போது காரணம் சொல்லாதே, சொன்னால் மாட்டிக்கொள்வாய் என்று. இது எனக்குப் பின்னால் தெரிந்தது.

நான் அன்றைக்குக் கவலைப்படவே இல்லை. வீட்டுக்கு வந்து ஓஸெல்லாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் சோளரொட்டியைத் திருப்பிப்போட்டுக்கொண்டே கேட்டாள், "என்ன பண்ணே?" ஒன்றும் பண்ணவில்லை என்றேன். "ஒண்ணும் பண்ணாதவன எவனாவது அனுப்புவானா?" "காரணம் இல்லேன்னு சொல்லிட்டான்." "காரணம் இல்லேன்னா சொன்னான், இல்ல, எங்கிட்ட சொல்லாதேன்னு நீ சொல்லிவச்சியா?" ரொட்டியை என் முன்னால் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். படுக்கப் போகும்போதுதான் கேட்டாள், "ஒங்க கெடங்குல பெயிண்ட் விக்கிற எடத்துல இருக்காளே, டோரீன், அவ நல்லா இருக்காளா?" மைத்துனரே, டோரீன் ஒரு விதவை. நல்ல பெண். எனக்கு எழுபத்து நாலு வயது, ஒரு முழங்கால் மடங்காது. பெயிண்ட் பகுதிக்குப் போக ஆறு படி ஏறவேண்டும். நான் ஏறியதே இல்லை. இதைச் சொன்னேன். "படி ஆறுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். திங்கட்கிழமை காலை இரும்புச் சட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு தங்கள் ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டாள். போகும்போது, "காரணம் கெடைச்சா சொல்லியனுப்பு, வர்றேன்," என்றாள். சட்டியை எடுத்துக்கொண்டு போனதால் விளையாட்டில்லை என்று புரிந்துகொண்டேன். அந்தச் சட்டியில் சுட்ட ரொட்டியை இப்போது தாங்கள் தின்றுகொண்டிருப்பீர்கள். வெண்ணெய் அதிகம் சேர்க்க வேண்டாம், தங்கள் இடுப்புக்கு ஆகாது.

காரணம் தேடிக் கிளம்பினேன். வியாழக்கிழமைதோறும் நூலகத்தில் ஒரு வக்கீல் பெண் காசு வாங்காமல் சட்டம் சொல்கிறாள், பெய்ஜ் என்று பேர். எனக்கு முன்னால் நின்ற அம்மாள், பதினைந்து நாள் முன்கூட்டிச் சொல்லாமல் வேலையை விட்டால் ஜெயிலில் போடுவார்களா என்று கேட்டாள். "அது சட்டம் இல்லம்மா, மரியாதை," என்றாள் பெய்ஜ். அடுத்தது நான். "இந்த மாநிலத்துல முதலாளி எப்ப வேணா போகச் சொல்லலாம் அய்யா. காரணம் சொல்லணும்னு இல்ல. நீங்களும் எப்ப வேணா போகலாம்." "என் சட்டை பிடிக்கலேன்னா?" "அனுப்பலாம்." "என் நாய் பிடிக்கலேன்னா?" "அனுப்பலாம்." "நாய் வீட்டுலதானே இருக்கு?" "அப்பவும் அனுப்பலாம்." "ஒண்ணுமே இல்லாம?" "அதுதான் அவங்களுக்கு ரொம்பப் பாதுகாப்பு." "அப்ப எதுக்குத்தாம்மா அனுப்பக் கூடாது?" என்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னாள்: தோலின் நிறம், மதம், ஆணா பெண்ணா, பிறந்த நாடு, உடல் ஊனம், நாற்பது தாண்டியவன் என்றால் வயது. கோர்ட்டில் ஜூரியாக உட்காரப் போனதற்காக அனுப்பக் கூடாது, வேலையில் அடிபட்டு இழப்பீடு கேட்டதற்காக அனுப்பக் கூடாது, சட்டவிரோதமானதைச் செய்ய மாட்டேன் என்று சொன்னதற்காக அனுப்பக் கூடாது, கூட வேலை செய்கிறவர்களோடு சம்பளத்தைப் பற்றிப் பேசியதற்காகவும் அனுப்பக் கூடாது. "அப்போ முட்டாள்தனமான காரணத்துக்கு அனுப்பலாம், கெட்ட காரணத்துக்குக் கூடாது." "கெட்ட காரணத்துலயும் பல காரணத்துக்கு அனுப்பலாம் அய்யா. நான் சொன்ன இதுகளுக்குத்தான் கூடாது. அதையும் நீங்கதான் நிரூபிக்கணும்." "வாயத் தெறக்காதவன என்னம்மா பண்றது?" "ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள். நல்ல பெண். டென்னசி மாநிலத்துக்குக் காரணம் வேண்டாம், என் வீட்டுக்காரிக்கு வேண்டும், இதற்கு ஏதாவது சட்டம் உண்டா என்று கேட்டேன். பேனாவை மூடிவிட்டாள்.

இதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. சாவு விழுந்த வீட்டுக்கு வருவதுபோல ஒவ்வொருவராகச் சாப்பாட்டோடு வந்தார்கள். கோழியும் நூடுல்ஸும், கோழியும் சோறும், கோழியும் இன்னதென்று தெரியாததும், எல்லாவற்றுக்கும் மேலே சீஸ் போட்டுச் சுட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில், அடியில் பேர் எழுதி ஒட்டி. ஆளுக்கொரு காரணமும் கொண்டுவந்தார்கள். தேவாலய டீக்கன், "நீங்க ஜெபத்து நடுவுல கொறட்டை விட்டது மொதலாளிக்குப் பிடிக்கல," என்றார். பக்கத்து வீட்டு மெர்ல், "ஒன் நாய்தான்," என்றான். சமையல் பாத்திரம் கொண்டுவந்த பெண்களோ உள்ளே எட்டிப் பார்த்து, "ஓஸெல்லா எங்க?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். டோரீன் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. அதையும் பேசினார்கள். இந்தப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு நாள் வாசலில் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பாத்திரம் ஒன்று இருந்தது, மேலே வெள்ளைத் துணி போர்த்தி. யாரோ கதவைத் தட்டிவிட்டு வண்டியில் போய்விட்டார்கள். எனக்குப் படிக்கத் தெரியாதே தவிர, துணியின் ஓரத்துப் பூவேலை யார் கை என்று தெரியும். அது வெர்னாம்மா, ராண்டலின் தாயார், எண்பத்தெட்டு வயது.

இந்த ஊர் வழக்கப்படி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கழுவிக் கொடுக்க வேண்டும், வெறுமையாகக் கொடுக்கக் கூடாது, நேரில் போய்க் கொடுக்க வேண்டும், போனால் உட்கார வேண்டும். ராண்டலின் வக்கீல் நாஷ்வில்காரர். இதை அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை. பாத்திரம் நிறையத் தக்காளி போட்டு எடுத்துக்கொண்டு போன புதன்கிழமை போனேன். வெர்னாம்மா சமையலறையில் என்னை உட்காரவைத்துப் பழ அப்பம் வைத்தார். வானிலை பேசினோம். செத்துப்போனவர்களை ஒரு சுற்று பேசினோம். பிறகு அவராகவே ஆரம்பித்தார். "எம் மகன் வாயத் தெறக்கக் கூடாதாம். எனக்கும் சொல்லிட்டுப் போயிருக்கான். துக்கத்துக்குச் சோறு குடுத்துட்டு, என்ன துக்கம்னு சொல்லாம இருக்கறது என்ன வளப்பு லூத்தர்? என்னைய யாரும் அப்படி வளக்கல." நான் அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தேன். "ஒனக்கு வயசாயிடுச்சாம். வாசல்ல கெழவன் நின்னா கடையும் கெழடாத் தெரியுதாம். எளசா ஒரு பையனப் போடப் போறானாம். இதே மேசையில ஒக்காந்து, நான் சுட்ட பிஸ்கட்டத் தின்னுக்கிட்டே சொல்றான். லூத்தரே கெழவன்னா, எனக்கு என்னடா பேரு வச்சிருக்கேன்னு கேட்டேன். எந்திரிச்சிப் போயிட்டான்."

மைத்துனரே, என்னை யாராவது கிழவன் என்று சொன்னால் நான் ஒரு மாதம் பேச மாட்டேன் என்பது தாங்கள் அனுபவித்தது. அன்றைக்கு அந்தச் சொல் எனக்குத் தேனாக இனித்தது. குறட்டை இல்லை, நாய் இல்லை, டோரீன் இல்லவே இல்லை. வயது! ஊரறிந்த, உலகறிந்த, ஓஸெல்லாவும் அறிந்த வயது. இரண்டாவது துண்டு அப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பெய்ஜிடம் போனேன். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "கெழவன்னு அவரு வாயாலயா சொன்னாரு?" "பிஸ்கட் இருந்த வாயால." "அங்க இருபது பேராவது வேலை செய்யறாங்களா? மத்திய அரசு சட்டத்துக்கு அது வேணும்." ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக்கொண்டு போனேன், யார் மாமன், யார் எந்த வருஷம் சேர்ந்தார் என்பதோடு. இருபத்து மூன்றாவது ஆளில் கையைக் காட்டி நிறுத்தினாள். "அந்தம்மா சாட்சி சொல்வாங்களா?" இதை வெர்னாம்மாவிடம் கேட்டதற்கு, கோர்ட்டுக்குப் போவானேன், வருகிற புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பாதிரியார் கேட்கும்போது எழுந்து நின்று மகனுக்காகக் கேட்கிறேன், என்ன பாவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன் என்றார். பெய்ஜ் இதைக் காகிதத்தில் எழுதி ராண்டலின் வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஆகவே ஓஸெல்லாவிடம் சொல்லவும்: காரணம் வயது. வேறு ஒன்றும் இல்லை. பெய்ஜ் சாட்சி, வெர்னாம்மா சாட்சி. சட்டியோடு உடனே புறப்பட்டு வரவும். இங்கே பதினோரு பாத்திரம் கழுவக் கிடக்கிறது என்பதை மட்டும் படிக்காமல் விட்டுவிடவும். அங்குள்ள பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கர்த்தர் தங்கள் கூரையையும் கோழிகளையும் புயலுக்குத் தப்புவித்துக் காப்பாராக.

இப்படிக்கு, தங்கள் தங்கைக்கு ஒரு துரோகமும் செய்யாத,
லூத்தர் பிரிட்
(பெருக்கல் குறி மட்டும் என்னுடையது, எழுத்து ஹார்லன்)

பின்குறிப்பு: இன்று செவ்வாய். ஹார்லனிடம் தபால்தலை இல்லாததால் கடிதம் அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகியே கிடந்தது. இன்று காலை ராண்டலும் நாஷ்வில் வக்கீலும் வந்தார்கள், ஜெபக்கூட்டத்துக்கு ஒரு நாள் முந்தி. பழையபடி வாசல் வேலை, இந்த முறை நாற்காலியோடு. காகிதத்தில் ஒரு நிபந்தனை: என்னை அனுப்பிய காரணத்தை நான் யாருக்கும் சொல்லக் கூடாது, என் மனைவி ஒருத்தியைத் தவிர. யோசிக்க இருபத்தொரு நாள் தருவது சட்டமாம். மூன்று வாரம் தனியாக யோசித்தாயிற்று என்று சொல்லிக் குறியைப் போட்டுவிட்டேன். வெர்னாம்மாவிடம் காகிதம் நீட்ட வக்கீலுக்குத் துணிவில்லை. ராண்டல் தன் தாயாரின் கோழிக்கூட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான்.

குறி போடுமுன் சொன்னது சொன்னதுதான், இனிமேல் கூடாது என்கிறாள் பெய்ஜ். நான் தங்களிடம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. தாங்கள் அதைச் சனிக்கிழமை படித்தால் அது தபாலின் குற்றம். ஓஸெல்லாவுக்குப் படிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையைக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதட்டுமா என்று ஹார்லன் கேட்டார். அங்கே நலம் விசாரித்திருக்கிறது, இடமில்லை என்றேன். ஆகையால் மேலே கண்ட எதையும் ஓஸெல்லாவுக்குப் படிக்க வேண்டாம். அடுப்பில் போட்டுவிடவும். அவளிடம் இவ்வளவு மட்டும் சொல்லவும்: காரணம் கிடைத்துவிட்டது, நல்ல காரணம், சட்டப்படி அதை அவள் காதில் மட்டும்தான் சொல்லலாம், அந்தக் காது கோல்டர்ஸ் ஃபோர்க்குக்கு வந்தாக வேண்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமைப் பேருந்துக்கு நான் நிற்பேன். அதற்குள் அவள் தங்களைக் குடைவாள். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிடுங்கள். தங்களைப் பற்றி அவள் நாற்பத்தாறு வருஷமாகச் சொல்லிவருவதும் அதுதான், நம்பிவிடுவாள்.