வராத தண்ணீருக்கு வரி

அன்புத் தங்கை மியூரியலுக்கு,

லிங்கன்ஷயர் தாழ்நிலத்திலிருந்து உன் அண்ணன் லெனார்ட் எழுதிக்கொள்வது. முழங்காலுக்கு மேலே நானும் உன் அண்ணி டோரீனும் நலம். முழங்காலுக்குக் கீழே இன்னும் காயவில்லை. மேட்டில் வீடு கட்டிய நீயும் மாப்பிள்ளையும் ஈரமில்லாமல் வாழ வேண்டுகிறேன்.

பேப்பரில் வெள்ளத்தில் நிற்கும் என் படத்தைப் பார்த்து அழுதாயாமே, நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். நான் ஓய்வுபெற்று வாங்கிய துண்டு வயலுக்கு வடிகால் வாரியம் வருஷா வருஷம் வரி கேட்கிறதல்லவா, இந்த வருஷக் கூட்டத்தில் எழுந்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட என் வாசலுக்கு வந்ததில்லை, வராத தண்ணீருக்கு எதற்கு வரி என்று முழங்கினேன். தண்ணீரை இறைக்கும் வாரியத்தின் பம்பு ஓடுவதால்தான் வரவில்லை என்றார் வாரியத் தலைவி செட்செல் அம்மாள். கைதட்டுவார்கள் என்று பார்த்தேன், யாரோ இருமினார்கள். அந்த ரோஷத்தில், வயலோரம் சும்மா கிடந்த வாய்க்காலில் மண்ணைக் கொட்டி மூடி, எங்கள் கேரவன் வண்டியை நிறுத்த இடம் பண்ணிவிட்டேன். டோரீன் வேண்டாமென்றாள். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவனுக்குத் தண்ணீரின் போக்கு தெரியாதா என்றேன்.

தெரியவில்லை. அடுத்த மழையில் தண்ணீர் வாய்க்காலைத் தேடிப் பார்த்துவிட்டு நேரே எங்கள் சமையலறைக்குள் வந்தது. ரொட்டி டப்பா மிதந்தது. அதோடு விட்டிருந்தால் விஷயம் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும், ஆனால் கேரவன் மிதந்துபோய்ப் பக்கத்து வயல் பாஸ்க்கின் முட்டைக்கோஸ் நடுவில் நின்றது. அவர் வேலியோரம் வந்து நின்று, "லெனார்டு, வராத தண்ணிக்கு வரி எதுக்குன்னு கேட்டியே. வந்திருச்சு, எடுத்துக்க" என்றார்.

படம் வந்ததும்தான் சங்கதி பெரிதானது. கிழட்டுப் பம்பை மாற்ற அரசாங்கத்திடம் வாரியம் எத்தனையோ வருஷமாகப் பணம் கேட்கிறது, இங்கே வீடுகள் குறைவென்று கையை விரித்துவிடுவார்கள். இப்போது என் சமையலறையைப் பார்க்க லண்டனிலிருந்து ஒரு இளம்பெண் அதிகாரியே வந்துவிட்டார். செட்செல் அம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நீங்க ஒண்ணும் பேச வேணாம். சோகமா நில்லுங்க, போதும்" என்றார். நன்றாகத்தான் நின்றேன். ஆனா அந்தப் பொண்ணு, "சார், தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சு?"ன்னு கேட்டுது பாரு. என்னை யாரு அப்படி மரியாதையா கேட்டிருக்கா, நீயே சொல்லு. கூட்டிட்டுப் போயி வாய்க்கா இருந்த இடம், நான் மண்ணைக் கொட்டின விதம், சரிவு எப்படித் திரும்புச்சுங்கறது வரைக்கும் விளக்கிட்டேன். செட்செல் அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. பாஸ்க் ஈரப் படியிலயே உக்காந்துட்டாரு. அந்தப் பொண்ணு மட்டும், ரொம்பத் தெளிவா சொன்னீங்கன்னு பாராட்டிட்டுப் போச்சு. பணம் வந்த மாதிரிதான். புதுப் பம்புக்கு என் பேரை வச்சாலும் வைப்பாங்க.

உன் குடும்பம் மழையிலும் வெயிலிலும் குறையின்றி வாழ வாழ்த்தும்,
அண்ணன் லெனார்ட்

பி.கு.: செட்செல் அம்மாள் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். வெள்ளத்துக்குக் காரணம் பம்பு அல்ல, வீட்டுக்காரரே என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டதாம். பணம் கிடையாது. புதுப் பம்புக்காக ஊர் முழுவதற்கும் வரி ஏறுகிறது. வாசலில் நாலைந்து டிராக்டர்கள் நிற்கின்றன, யாரும் இன்னும் இறங்கவில்லை. டோரீன் பெட்டி கட்டுகிறாள். மாடி அறையைத் தயார் செய்து வை. யார் கேட்டாலும், வெள்ளத்துக்குப் பயந்து வந்திருக்கிறார்கள் என்றே சொல்.