பத்துக் கன அடி

"நீளம் நாலடி, அகலம் ரெண்டடி, ஒசரம் ஒன்றரை. பன்னெண்டு கன அடி! ரெண்டு கூடிப் போச்சு" என்று அளவு நாடாவை உதறிக்கொண்டு நிமிர்ந்தார் றஹீம்.

தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த கைறுன்னிஸா அசையவில்லை. ஹஜ்ஜுக்குக் கப்பலேற இன்னும் நாலே நாள். உக்குவளையில் மிளகு வியாபாரம் செய்யும் அவள் கணவர் றஹீம் காலையில்தான் கப்பல் ஏஜென்டிடம் விவரம் கேட்டு வந்திருந்தார். கேட்ட புதினத்தைச் சொல்லாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

"கப்பல் நாலாயிரம் டன்னாம். அது பாரம் இல்ல புள்ள, எடம். உள்ளுக்கு நூறு கன அடி இருந்தா ஒரு டன். மிளகு மூட்டை மாதிரி கப்பலத் தூக்கித் தராசுல வைக்க ஏலுமா?"

"அப்ப பெட்டியையும் நிறுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. அளப்பாங்க. பத்துக் கன அடிதான் சும்மா ஏத்துவாங்க. அந்தத் தலகணிய எடுத்து வெளிய போடு."

"இலவம்பஞ்சுத் தலகணி வராட்டி நானும் வரல்ல. அது இல்லாம எனக்குக் கண்ண மூட ஏலாது."

இருபது வருஷமாக இருவரும் சேர்ந்து ஆசைப்பட்ட பயணம். அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போக றஹீமுக்கு மனமே இல்லை.

தகர வேலைக்கார இராமையாவைக் கூப்பிட்டார்.

"மூணு அங்குலம் ஒசரத்தக் கொறச்சாப் பத்துக்கு வந்துரும் மொதலாளி" என்று இராமையா அடிப்பக்கத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துக் கொடுத்தார்.

இப்போது பெட்டி மூட மறுத்தது. றஹீம் தலையணையைப் பிரித்துப் பாதிப் பஞ்சை வெளியே எடுத்தார். வீடெல்லாம் பஞ்சு பறந்தது. சோற்றில் பஞ்சு, தாடியில் பஞ்சு. தும்மித் தும்மியே அவர் பெட்டியை அடுக்கி முடித்தபோது மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

"நிறுக்க மாட்டாங்கதானே?" என்று கேட்டுவிட்டு, கைறுன்னிஸா சின்ன அம்மியைக் கொண்டுவந்து அங்கே இறக்கினாள்.

கொழும்புக்கு ரயிலேறும் நாள் வந்தது. உக்குவளை ஸ்டேசனில் கூலியாள் பெட்டியைத் தூக்கினார். பெட்டி இடுப்பளவு மேலே வந்தது. அடித்தகடு மட்டும் கழன்று கீழே போய்விட்டது. அம்மி நேராக றஹீமின் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"யா அல்லாஹ்!"

அம்மியைக் கூலியாளுக்கே கொடுத்துவிட்டு, சிதறியதை அள்ளிப் போட்டு, பெட்டியைக் கயிற்றால் வரிந்து கட்டினார்கள். ரொட்டி போலத் தட்டையாகிவிட்ட தலையணை மட்டும் பிடிவாதமாக உள்ளேயே இருந்தது. அம்மி போன கோபத்தில் கைறுன்னிஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் வருகிறாள். றஹீமுக்கு அது போதும்.

சாமான்களை அளந்து சீட்டு ஒட்டுவதற்காக ஏஜென்டின் ஆள் கொழும்பிலிருந்து ஸ்டேசனுக்கே வந்திருந்தார். நாடாவை மூன்று பக்கமும் பிடித்துப் பார்த்தார்.

"பத்துக் கன அடி. சரியா இருக்கு."

"பாத்தியா புள்ள!" என்று நொண்டிக்கொண்டே ஒரு துள்ளுத் துள்ளினார் றஹீம்.

ஏஜென்டின் ஆள் டிக்கட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"டிக்கட்டு ரெண்டு இருக்கே மொதலாளி. ஆளுக்குப் பத்துக் கன அடி. மத்தப் பெட்டி எங்க?"